துருப்பிடித்த சைக்கிளும் இயற்பியலும்

உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலோ, மாடிப்படியின் அடியிலோ ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடக்கிறதா? தாத்தாவோ அப்பாவோ ஒரு காலத்தில் நாள்தோறும் துடைத்து வைத்த வண்டியாக அது இருக்கலாம். இன்று அதன் டயர் வெடித்து, செயின் இறுகி, ஹேண்டில்பாரில் துரு ஏறியிருக்கும். "காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்" என்று வீட்டில் பேச்சும் நடக்கும்.

சற்றுப் பொறுங்கள். அந்த வண்டி பெரும்பாலும் மீண்டும் ஓடும். ஆனால் அதன் எல்லா உறுப்புகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பதும் தவறு. எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்றக் கூடாது என்பதைப் பிரித்து அறிவதுதான் இந்தக் கலையின் உயிர். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை ஒரு மணிக்கட்டு எலும்பு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மாறாத வடிவம்

பழைய சைக்கிளைப் புதுப்பிக்க முடிவதற்கு முதல் காரணம் அதன் வடிவம் அதிகம் மாறாததே. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, பின்சக்கரத்தைச் செயின் சுழற்றும் 'ரோவர்' மிதிவண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ச் சாலைகளில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிள் இவற்றின் நேரடி வாரிசு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று, பிறர் துணையின்றி வெளியே சென்று வரத் தொடங்கினார்கள் அல்லவா? அதற்கும் பயன்பட்டது இந்த எளிய எந்திரமே.

வடிவம் மாறாததால், நாற்பது ஆண்டுக்கு முந்தைய வண்டிக்கும் உதிரி உறுப்புகளைச் சைக்கிள் கடையில் இன்றும் வாங்க முடிகிறது. ஆகவே சட்டகம் மட்டும் உறுதியாக இருந்தால் போதும்.

சட்டகத்தைச் சோதிப்போம்

சட்டகம் ஏன் குழாய்களால் செய்யப்படுகிறது? 28 மி.மீ. விட்டமும் ஒன்றரை மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள ஓர் எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதே எடை எஃகைத் திண்மக் கம்பியாக ஆக்கினால் அதன் விட்டம் 13 மி.மீ. அளவே இருக்கும். வளைவை எதிர்ப்பதில் அந்தக் கம்பியைவிடக் குழாய் ஏறத்தாழ 9 மடங்கு வலியது! பொருள் மையத்திலிருந்து எவ்வளவு விலகி அமைகிறதோ, அவ்வளவுக்கு வளைவைத் தடுக்கும் ஆற்றல் கூடுகிறது. மூங்கில் உள்ளே பொள்ளலாக இருந்தும் உறுதியாக நிற்பதன் இரகசியமும் இதுவே.

ஆனால் அந்த உறுதி முழுவதும் ஒன்றரை மி.மீ. சுவரில்தான் அடங்கியிருக்கிறது. இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுக்கமான போர்வையாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருபொருப்பானது. உதிர்ந்து விழுந்து, அடுத்த அடுக்கையும் ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. எனவே மேல்துரு வேறு, அரித்த துரு வேறு. உப்புத்தாளால் தேய்த்தால் வெண்மையான எஃகு தெரிகிறதா? கவலை வேண்டாம். சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் 'தொப்' என்று ஒலித்தாலோ, குழாய்கள் சேரும் மூட்டுகளில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தாலோ அந்தச் சட்டகத்தை விட்டுவிடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் விரிசல் இருந்தாலும் அப்படியே. கவை முறிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார்.

இடது பெடலின் புதிர்

துருவில் இறுகிய மரைகளில் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். நுண்புழைக் கவர்ச்சியால் எண்ணெய் இடுக்குகளில் தானே ஏறிப் பரவும். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுக்க வேண்டாம்.

பெடலைக் கழற்றும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். வலது பெடல் எல்லாத் திருகாணிகளையும் போல இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருப்பினால் மேலும் இறுகும். இறுதியில் மரை அழியும்.

ஏன் இந்த ஏற்பாடு? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடக்கையைத் தளர்வாக மூடி, அதன் நடுவே ஒரு பென்சிலைச் செருகுங்கள். வெளியே நீட்டியிருக்கும் முனையை வலக்கை விரலால் அழுத்தியபடி வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் வலஞ்சுழியாகச் சுற்றினால் பென்சில் தன்னைத்தானே இடஞ்சுழியாக மெல்லத் திரும்பும். பெடலின் அச்சும் இப்படித்தான். நம் பாதம் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகிறது; கிராங்க் சுழல்கிறது. ஆகவே கிராங்கிலிருந்து பார்த்தால் அழுத்தத்தின் திசை அச்சைச் சுற்றி வட்டமிடுகிறது. அச்சு அதற்கு எதிர்த்திசையில் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. அந்தத் திரும்பல் வலப்பக்கமும் இடப்பக்கமும் எதிரெதிராக இருப்பதால், இரண்டு பெடலும் ஓட்ட ஓட்ட இறுகும்படி மரைகளும் எதிரெதிராக வெட்டப்பட்டுள்ளன.

ஓவராயில் செய்வது ஏன்?

கடைக்காரர்கள் 'ஓவராயில்' என்று சொல்வது வண்டியை முழுவதும் பிரித்துத் துடைத்துப் பூட்டும் வேலையை. ஆண்டுக்கு ஒருமுறை இது தேவை. அச்சுக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள பால்ரஸ் குண்டுகள் வழுக்கும் உராய்வை உருளும் உராய்வாக மாற்றுகின்றன. ஒவ்வொரு குண்டும் மிகச் சிறிய பரப்பில்தான் கிண்ணத்தைத் தொடுகிறது. அதனால் அங்கே அழுத்தம் மிக அதிகம். அந்த இடத்தில் ஒரு மணல் துகள் புகுந்தால் உளிபோல் வேலை செய்யும்.

குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றில் குழி விழுந்திருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள். "நல்லவை இருக்கட்டுமே, கெட்டதை மட்டும் மாற்றுவோம்" என்பது பொய்ச் சிக்கனம். பழைய குண்டுகள் சற்றே தேய்ந்திருக்கும். புதியது அவற்றைவிடப் பெரிதாக இருக்கும். அப்போது பாரம் முழுவதும் அந்தப் புதிய குண்டின் தலையில் விழும். அது விரைவில் உடையும்.

சக்கரத்தின் இசை

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் தூண்கள்போல் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. சைக்கிளின் போக்ஸ் கம்பியோ 2 மி.மீ. தடிமன்தான். அதைத் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினால் உடனே வளையும். ஆனால் இழுத்தால், ஓர் ஆள் தொங்கினாலும் அறாது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்னதாகவே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஏறி அமரும்போது தரைப்பக்கம் உள்ள சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது, அவ்வளவே. அது ஒருபோதும் சுழியாகிவிடக் கூடாது.

நம் ஊர்க் கறுப்பு சைக்கிளில் வழக்கமாக முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். பாரத்தின் பெரும்பகுதி பின்னால் விழுவதே காரணம். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குள் அது 450 முறைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு கம்பியும் அத்தனை முறை தளர்ந்து இறுகுகிறது. தளர்வாகக் கட்டிய கம்பி மேலும் மேலும் அசைந்து, உலோகச் சோர்வினால் கழுத்தில் முறிகிறது.

இழுவிசையைச் சோதிக்கக் கருவி தேவையில்லை, காது போதும். வீணைத் தந்தியைப்போல் கம்பியை மீட்டுங்கள். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுரத்தில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. சக்கரத்தில் பெண்டு எடுக்கும் தேர்ந்த மெக்கானிக்குகள் விரலால் தட்டிக்கொண்டே போவதைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் செய்வது ஒலியியல் சோதனைதான்.

செயின் நீள்வதில்லை

"செயின் நீண்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் முளைகள் தேய்கின்றன. அடுத்தடுத்த இரு முளைகளுக்கு இடையே உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குல அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். அரைக்கால் அங்குலம், அதாவது 3 மி.மீ. அளவு கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். இல்லையேல் அது பல்சக்கரங்களையும் தேய்த்துத் தன் வடிவுக்கு மாற்றிவிடும்.

ஒரு மழைநாள் பாடம்

இப்போது மணிக்கட்டின் கதை. என் மாணவர் ஒருவர் தம் தாத்தாவின் சைக்கிளைக் கொண்டுவந்தார். இருவரும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தோம். குரோமியம் பூசிய ரிம்கள் கண்ணாடிபோல் மின்னின. பிரேக் கட்டைகள் மட்டும் பழையவை. "இன்னும் தேயவில்லையே" என்று நான்தான் அவற்றை விட்டுவைத்தேன். ஓட்டிப் பார்க்க மதுரையின் வைகைப் பாலம் ஒன்றில் ஏறி இறங்கினேன். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் எதிரே ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டி. இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்தேன், வண்டி நிற்கவில்லை. நல்லவேளையாகத் தள்ளுவண்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டோடு அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள். ஓட்டுபவர் 60 கி.கி., வண்டி 20 கி.கி.; வேகம் மணிக்கு 18 கி.மீ., அதாவது நொடிக்கு 5 மீட்டர். இயக்க ஆற்றல் 1000 ஜூல். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் இதே வேகம்தான் கிடைக்கும். இந்த ஆற்றல் முழுவதையும் விரலளவு ரப்பர்க் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும்.

காய்ந்த ரிம்மில் பிரேக் நொடிக்கு 2.5 மீ./நொடி வீதம் வேகத்தைக் குறைப்பதாகக் கொள்வோம். நிற்கும் தூரம் 5 மீட்டர். மழையில் வழவழப்பான குரோமியத்துக்கும் ரப்பருக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்துகொள்கிறது. பழைய ரப்பரோ இறுகிக் கல்லாகியிருக்கும். உராய்வு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால் தூரம் 25 மீட்டர் ஆகிறது. இதோடு முடியவில்லை. முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு நொடிக்கு 0.33 மீ./நொடி வீதம் வண்டியை முன்னே தள்ளுகிறது. பிரேக்கின் 0.5-இலிருந்து இதைக் கழித்தால் மீதி 0.17 மட்டுமே. நிற்கும் தூரம் 70 மீட்டருக்கு மேல்! காய்ந்த நாளில் அதே சரிவில் 6 மீட்டர்கூட வேண்டாம்.

சரிவும் மழையும் பழைய ரப்பரும் தனித்தனியே வந்தால் சமாளிக்கலாம். மூன்றும் கூடும்போது விளைவு வெறும் கூட்டலாக இருப்பதில்லை என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

எனவே சில விதிகள். பழைய வண்டியில் பிரேக் கட்டை, விரிசல் விட்ட டயர், கிராங்கைப் பிடித்திருக்கும் தேய்ந்த காட்டர் பின் ஆகிய மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ரிம்மின் பிரேக் படும் பகுதியை ஒருபோதும் எண்ணெய்த் துணியால் துடைக்காதீர்கள். மழையில் பிரேக்கை முன்கூட்டியே இலேசாகப் பிடித்து விடுங்கள். கட்டை நீரை வழித்துவிட்ட பிறகுதான் பிடிப்பு வரும். இறக்கத்தில் வேகம் சேர விடாதீர்கள். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும்.

புதிய கட்டைகள் பூட்டிய அந்தச் சைக்கிளில்தான் என் மாணவர் இப்போது நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறார். அவருடைய தாத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மணியை ஒருமுறை அடித்தாராம். பிறகு கேட்ட முதல் கேள்வி: "பிரேக் பிடிக்குதாடா?"

பெரியவர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார். உங்கள் கொல்லைப்புறத்துச் சைக்கிளை எடுக்கும்போது நீங்களும் முதலில் அதையே கேளுங்கள். பளபளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.