இருவேல்பட்டு ஊர் ஆய்வுகள்

இருவேல்பட்டு, விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூர் ஆகும். இவ்வூரின் வேளாண் பொருளாதாரம் சுமார் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பலமுறை ஆராயப்பட்டுள்ளது.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், 1916 இல் தம் மாணவர்களைக் கொண்டு இவ்வூர் உட்படச் சில ஊர்களில் நிலவுடைமை, கூலி, கடன் முதலியவற்றைப் பதிவு செய்தார். 1936-37 இல் பி. ஜே. தாமசு, கே. சி. இராமகிருட்டிணன் ஆகியோர் அவ்வூர்களை மறு ஆய்வு செய்தனர். ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் சிற்றூர் வேளாண்மையை ஆராய்ந்த மார்கரெட் ஆசுவெல், 1961 இல் அப்பணியைத் தொடர்ந்தார்.

ஒருமுறை மட்டும் செய்யும் ஆய்வு, அவ்வாண்டின் மழையையும் விலையையும் சார்ந்தது. மறு ஆய்வுகளே நிலையான மாற்றங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. பெருநிலக்கிழாரின் ஆதிக்கம் தளர்ந்ததையும், வேளாண்மை சாராத வேலைகள் பெருகியதையும் 2008 ஆம் ஆண்டின் மறு ஆய்வு காட்டியது.