முழங்கால் வலிக்கு ஒரு பாடத்திட்டம்

என்னோடு பணியாற்றும் மூத்த ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு மாடி வகுப்பை விட்டுக் கீழ்த்தள வகுப்பு கேட்டு வாங்கினார். மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னதும், இனிக் காலுக்கு வேலை கொடுக்கவே கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார். காலை நடை நின்றது. தெருமுனைக் கடைக்குக்கூட வண்டிதான். ஆறு மாதம் கழித்தும் வலி குறையவில்லை. மேசையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலைதான் வந்தது.

‘தேய்மானம்’ என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்துகிறது. சைக்கிள் டயர் போல, ஓட ஓடத் தேயும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மூட்டு உயிருள்ளது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. எடை ஏறும்போது அழுந்தியும், இறங்கும்போது விரிந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போல அத்திரவத்தை ஏற்கிறது. கால் அசையாவிட்டால் இது குறையும். கூடவே முன்தொடைத் தசையும் மெலியும். மூட்டின் பிடிப்பு தளரும். வலிக்குப் பயந்து ஓய்வெடுக்கிறோம், ஓய்வால் வலி கூடுகிறது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்மானமும் ஒருவர் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உடற்பயிற்சி வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கைப்பேசியைத் திறந்தால் நூறு காணொலிகள். ஒன்றைப் பார்த்து இரண்டு நாள் செய்வோம், தேர்வுப் பணி வந்ததும் விட்டுவிடுவோம். இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை நமக்குப் பயன்படுகிறது. அதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. முழங்கால் தேய்மான வலி உள்ள 206 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றியும் இணையத்தில் தகவல்கள் மட்டும் தந்தார்கள். மற்றக் குழுவுக்கு அத்துடன், வாரம் மூன்று முறை செய்வதற்கான, படிப்படியாகக் கடினமாகும் தசைப் பயிற்சிகளை 24 வாரங்களுக்கு இணையம் வழியே கொடுத்தார்கள். இயன்முறை மருத்துவர் யாரும் நேரில் வரவில்லை. தானியங்கிக் குறுஞ்செய்திகள்தாம் வந்தன. இந்த வாரம் எத்தனை முறை செய்தீர்கள் என்று கேட்கும். குறைந்திருந்தால் காரணம் கேட்டு, அதற்கேற்ற யோசனை சொல்லும்.

24 வார முடிவில், பயிற்சிக் குழுவில் 100க்கு 72 பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களில் அது 42 பேர்.

“நன்றாகப் படி” என்று சொல்வதற்கும், பாடத்தைப் பகுத்து வீட்டுப்பாடம் கொடுத்து நோட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இணையத்தில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, காணொலி எத்தனை லட்சம் பேரால் பார்க்கப்பட்டது என்று பார்க்காதீர்கள். இயன்முறை மருத்துவர்கள் உருவாக்கியதா, எளியதில் தொடங்கிப் படி ஏறுகிறதா, செய்ததைக் குறித்துவைக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். ‘ஏழே நாளில் குணம்’ என்று தொடங்கினால் மூடிவிடுங்கள்.

பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. எவ்வளவு வரை பொறுக்கலாம்? டென்மார்க்கில் 2013 முதல் நடந்துவரும் ஒரு மூட்டுப் பயிற்சித் திட்டத்தில் இதற்கு எளிய அளவுகோல் உண்டு. வலிக்கு 10க்கு மதிப்பெண் போடுங்கள். 2 வரை கவலையில்லை. 5 வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மூட்டு வீங்கிச் சிவந்தாலோ, மடங்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ கைப்பேசியை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தொடங்கும் முன்பும் ஒருமுறை மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கலந்துகொள்வது நல்லது, இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கட்டாயமாக.

அந்த ஆசிரியை, சுவரோரம் போட்ட நாற்காலியில் கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கினார். முதல் வாரம் ஐந்தாவது முறை எழ முடியவில்லை. இப்போது திங்கள், புதன், வெள்ளி மாலையில் பத்துப் பத்தாக இரண்டு சுற்று செய்கிறார். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் டிக் போட்டுவைக்கிறார். மேசையைப் பிடிப்பதில்லை. கீழ்த்தள வகுப்பை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.