கோழியை அடித்தது யார்? முதலில் அதைப் பாருங்கள்

நாட்டுக்கோழி வளர்ப்போர் நாலு பேர் கூடினால், வெள்ளைக்கழிச்சலுக்கு அடுத்து வருகிற பேச்சு இதுதான்: "ராத்திரி கீரி வந்து அடிச்சிட்டுப் போயிடுச்சுங்க." கேட்கும்போதெல்லாம் எனக்குக் கீரி மேல் கொஞ்சம் பரிதாபம் வரும். கீரி பகலில் திரிகிற விலங்கு. பொழுது சாய்ந்தால் வளைக்குள் அடங்கிவிடும். இரவில் போன கோழிக்குக் கீரியைப் பிடிப்பது, ஊரிலேயே இல்லாதவன் மேல் திருட்டுப் பட்டம் கட்டுவது மாதிரி.

இது வெறும் பேச்சுத் திருத்தம் இல்லை. எது வந்தது என்று தெரியாமல் காவல் போட முடியாது. பருந்துக்கு மேலே வலை வேண்டும். நாய்க்குக் கீழே கட்ட வேண்டும். மரநாய் கூரை வழியாக வரும். பாம்புக்கு விரல் அளவு இடுக்கு போதும். ஆளைத் தெரியாமல் வேலி போட்டால் காசும் போகும், கோழியும் போகும்.

ஆளைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அடுப்புச் சாம்பலையோ சலித்த மணலையோ கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மெல்லியதாகத் தூவி விடுங்கள். மாலையில் தூவி, விடிந்ததும் மற்ற கோழிகளைத் திறந்து விடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நாலு விரலும் நகக்குறியும் பதிந்திருந்தால் நாய், அல்லது நரி. ஆரோவில் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நரி ஊளை புதிதல்ல. நாலு விரல் மட்டும் இருந்து நகம் பதியவில்லை என்றால் பூனை இனம். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். ஐந்து விரல் என்றால் மரநாய், புனுகுப்பூனை, கீரி ஆகிய மூன்றில் ஒன்று. பகலில் பதிந்து, நகம் நீளமாக இருந்தால் கீரி. கால் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு தெரிந்தால் உடும்பு.

செத்த கோழியும் சாட்சி சொல்லும். நாய் பல கோழிகளைக் கடித்து உதறிப் போட்டுவிடும், பெரும்பாலும் தின்னாது. காட்டுப்பூனை ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்ப் புதருக்குள் வைத்துத் தின்னும், அங்கே இறகுக் குவியல் கிடக்கும். ஏரியோரக் கோரைப் புதர் அதற்குப் பிடித்த இடம். ஊசுடு, பாகூர் ஏரிகளை ஒட்டிப் பண்ணை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்ததும் பெட்டைக்கோழி பதறுவது குறுந்தொகையிலேயே இருக்கிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை.

முட்டை ஓடுகூட இல்லாமல் மாயமானால் பாம்பு. ஓடு உடைந்து கிடந்தால் கீரியாகவோ காக்கையாகவோ இருக்கலாம். குஞ்சு செத்துக் கிடந்து, தலைமட்டும் ஈரமாக இருந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து விட்டுப் போயிருக்கிறது. காலும் இறக்கையும் கடிபட்டு, குஞ்சு ஒவ்வொன்றாகக் குறைந்தால் பெருச்சாளி வளையைத் தேடுங்கள். புதுச்சேரி நகருக்குள் மாடியிலும் கொல்லையிலும் ஐந்தாறு கோழி வைத்திருக்கும் வீடுகளுக்குப் பெருச்சாளியும் தெருநாயும்தான் பெரிய தொல்லை. பழைய ஓட்டு வீடு பக்கத்தில் இருந்தால் மரநாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பகலெல்லாம் பரணில் தூங்கும்.

பாகூர் கொம்யூனில் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அக்கா பதினாலு பெட்டையும் இரண்டு சேவலும் வைத்திருந்தார். முட்டைக் காசில்தான் பால் கணக்கும் பிள்ளையின் பஸ் செலவும் ஓடியது. ஒரு விடியலில் ஒன்பது கோழி செத்துக் கிடந்தன. நாங்கள் போனபோது அக்கா குருணை மருந்தோடு தயாராக இருந்தார். "பக்கத்து வயலுக்கு வாங்கினது தம்பி. செத்ததுலயே தடவி வேலியோரம் போட்டுட்டா, வர்ற கீரி அங்கேயே சாவட்டும்."

"ரெண்டே ராத்திரி பொறுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டோம். மீதிக் கோழிகள் வீட்டுத் திண்ணையில் பஞ்சாரத்துக்குள் போயின. சாம்பல் தூவினோம். மறுநாள் காலையில் படலுக்குக் கீழே மண் பறிக்கப்பட்டிருந்தது. நாலு விரல், நகத்தோடு. ரோட்டோரம் கோழிக்கடைக் கழிவு கொட்டுகிற இடத்தில் வளர்ந்த நாய்க் கூட்டம். கீரிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அந்தக் குருணையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோழி கறித்துண்டையும் கொத்தும். அவருடைய மீதிக் கோழிகளே முதலில் செத்திருக்கும். காக்கை ஒரு துண்டைத் தூக்கிப்போய்க் கிணற்றிலோ மாட்டுத் தொட்டியிலோ போட்டிருக்கும். கூடவே கீரியும் பாம்பும் போனால் நெல் வயலில் எலிக்குக் கொண்டாட்டம். இயற்கை வேளாண்மைக்கு வருகிற பலர் பயிருக்கு நஞ்சு வேண்டாம் என்கிறார்கள், ஆனால் கோழி செத்தால் கை தானாகக் குருணைக்குப் போய்விடுகிறது. சட்டமும் இருக்கிறது. கீரி, உடும்பு, மரநாய், காட்டுப்பூனை, நரி எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லையால் நம் ஊரில் வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று கிடக்கலாம். இந்தச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

அக்கா வீட்டில் செய்த வேலை சின்னது. படலின் அடியில் கருங்கல் பதித்தோம். கூட்டைச் சுற்றிலும் ஒன்றரை அடி அகலக் கம்பிவலையைத் தரையில் படுக்கையாக விரித்து, கூட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலே மண் போட்டு மூடினோம். தோண்டுகிற விலங்கு சுவரின் காலடியில்தான் ஆரம்பிக்கும். அங்கே கம்பி தட்டுப்பட்டதும் விட்டுவிடும். ஒன்றரை அடி தள்ளிப் போய்ச் சுரங்கம் வெட்ட அதற்குத் தோன்றாது. ஆழப் பள்ளம் வெட்டுவதைவிட இது சுலபம்.

வலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் கோழிக்கூடு என்று தேடினால் வரும் அமெரிக்கக் காணொளிகளில் ரக்கூன் பேச்சுதான். மரநாயைவிடக் கொஞ்சம் பெரிய விலங்கு, நம் நாட்டில் கிடையாது. அதன் முன்கால் விரல்கள் கைவிரல் போலவே வேலை செய்யும். கொக்கியைத் தூக்கிவிடும், வலை இடுக்கில் கைவிட்டுக் கோழியை இழுக்கும். அதனிடம் அடிபட்டு அவர்கள் கற்றது நமக்கும் பொருந்தும். கடையில் 'கோழி வலை' என்று தருகிற அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாய் அதைப் பிய்த்துவிடும். பற்றவைத்த சதுர வலை, அதாவது வெல்டு மெஷ் வாங்குங்கள். ஓர் அங்குலக் கண் கீரியை நிறுத்தும். பாம்பும் எலியும் நிற்க அரை அங்குலம் வேண்டும். பணம் போதாவிட்டால் கீழ் இரண்டடிக்கு மட்டும் அரை அங்குலம் போடலாம். தாழ்ப்பாளோடு ஒரு சங்கிலியும் மாட்டுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டால் மரநாய் அதைக் கண்டுபிடித்துவிடும். கூரையைத் தொடுகிற தென்னை மட்டை, முருங்கைக் கிளையையும் கழித்துவிடுங்கள்.

பகல் காவல் முழுக்கக் குஞ்சுகளுக்கானது. முதல் மூன்று வாரம் பஞ்சாரம், மேலே ஒரு கல். பிறகு மேய விடும்போது வெட்டவெளியைத் தவிர்க்க வேண்டும். பருந்துக்கும் வல்லூறுக்கும் வெட்டவெளிதான் வசதி. கொய்யா, அகத்தி, ஆமணக்கு என்று தாழ்வான நிழல் இருந்தால், தாய் குரல் கொடுத்ததும் குஞ்சு ஓடி ஒளியும். வீராம்பட்டினம், நல்லவாடு பக்கம் கழித்துப்போட்ட மீன்வலை கிடைக்கும். அதை மேலே கட்டலாம். ஆனால் தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும், தொங்கினால் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். ஓரிரு கின்னிக்கோழி சேர்த்து வளர்ப்பது நல்லது. காது வலிக்கக் கத்தும், பக்கத்து வீட்டாரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஆனியில் ஏழு ஆகும். கடிகாரம் பார்த்துக் கூட்டை அடைக்காதீர்கள், கோழி அடைகிற நேரம் பார்த்து அடையுங்கள். ஐப்பசி மழையில் வளைகளில் தண்ணீர் ஏறினால் எலியும் பாம்பும் மேடு தேடிக் கூட்டுக்குத்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு பகலில் நீங்களே கூட்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைகிற இடத்தை ஓட்டுச் சில்லும் சிமெண்டும் வைத்து அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.