ஓடிக்கொண்டிருக்கும் கிளவுட் அமைப்பைக் குறிமுறைக்குள் எடுக்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

நிலாவெளி விடுதியின் முன்பதிவுத் தளமோ, திருகோணமலைக் கப்பல் முகவரின் கணக்கு மென்பொருளோ, பல இடங்களில் இப்போது ஓடுவது மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு எடுத்த சேர்வரில். ஒரு தம்பி வந்து, திரையில் பொத்தான்களை அழுத்தி, ஒவ்வொன்றாக அமைத்துக் கொடுத்திருப்பார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் கணினித் துறையினர் பலர் வெளிநாடு போனபோது, அவர்கள் தலைக்குள் இருந்த விபரங்களும் கூடவே போய்விட்டன. எந்தச் சேர்வர் எதற்கு, ஃபயர்வோலில் எந்த வழி யாருக்காகத் திறந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. டொலரில் கட்டணம் மட்டும் மாதாமாதம் வருகிறது.

இருப்பதையெல்லாம் குறிமுறையாக எழுதி, அதன் வழியாகவே இனி நிர்வகிப்பதுதான் இதற்கு வழி. அதில் எழும் சந்தேகங்கள் சில.

அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆண்டு அனுபவித்து வரும் காணிக்கு உறுதி எழுதுவது போன்றது இது. காணி இருந்த இடத்திலேயே இருக்கும். டெராஃபோம் என்ற கருவியில் 2023 ஜூனில் வெளிவந்த 1.5 பதிப்பிலிருந்து, சேர்வரின் அடையாள எண்ணை ஒரு சிறு பகுதியில் எழுதிக் கொடுத்தால் போதும். கருவியே கிளவுட்டைப் படித்துக் குறிமுறையின் வரைவைத் தரும். அமேசன் 2024 முதல் தன் சேவைகளுக்குத் தானே இப்படி வரைவு எழுதித் தருகிறது. மைக்ரோசொஃப்ட்டிடமும் அதற்கான கருவி உண்டு. ஆனால் வரைவு வரைவுதான். தேவையற்ற வரிகள், ஒன்றுக்கொன்று முரணான அமைப்புகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். மனிதர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. காணி உறுதியில் எல்லை பிழைத்தால் வழக்குத்தான் வரும். இங்கே கருவி, எழுதியதற்கு ஏற்றபடி வேலியையே நகர்த்திவிடும். சில மாற்றங்களை ஓடும் சேர்வரில் செய்ய முடியாது. வட்டின் குறியாக்கத்தையோ, அது இருக்கும் வலயத்தையோ குறிமுறையில் தவறாக எழுதிவிட்டால், பழையதை அழித்துப் புதியதை உருவாக்கக் கருவி ஆயத்தமாகும். அதைச் செய்யுமுன் ‘பிளான்’ என்ற கட்டளை, என்ன நடக்கப் போகிறது என்று வரி வரியாகக் காட்டும். ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று பிளான் சொல்லும்வரை அடுத்த அடி வைக்கக் கூடாது. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தரவுத்தளத்துக்கு, அழிப்பதைத் தடுக்கும் வரியைக் குறிமுறையிலேயே சேர்க்கலாம். எனினும் அந்தத் தரவுத்தளம் பற்றிய பகுதி முழுவதையும் யாராவது கோப்பிலிருந்து நீக்கினால், தடையும் சேர்ந்தே போய்விடும். ஆகவே கிளவுட் நிறுவனம் தரும் அழிப்புத் தடையையும் தனியாகப் போட்டு வையுங்கள்.

2023இல் அரசாங்க மின்னஞ்சல்களுக்கு நடந்ததை இது தடுத்திருக்குமா?

தடுத்திருக்காது. அந்த ஆண்டு ஒகஸ்ட் 26 அளவில் லங்கா அரசாங்க கிளவுட் கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டது. மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 5,000. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்த மூன்று மாதங்களுக்கு மேலான காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. காலாவதியான 2013ஆம் ஆண்டு மென்பொருள் பதிப்பு பாவனையில் இருந்தது. நிதியின்மையால் புதுப்பிப்பு தள்ளிப்போனது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது.

குறிமுறையில் இருப்பது கட்டமைப்பு. உள்ளே கிடக்கும் கடிதங்கள் அல்ல. எந்தப் பதிப்பு ஓடுகிறது, பேக்கப் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்விகளுக்கு அது ஒரே பார்வையில் பதில் தரும். பேக்கப்பை நாம்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை மீட்டும் பார்க்க வேண்டும்.

கோப்புகளை எங்கே வைப்பது?

அலுவலக மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியதைத் திருகோணமலை மாவட்டம் மறந்திருக்காது. குறிமுறை வெளியிலுள்ள தனிப்பட்ட களஞ்சியத்தில் இருக்கட்டும். எந்தக் குறிமுறை எந்தச் சேர்வருக்கு உரியது என்று பதியும் ‘ஸ்டேட்’ கோப்பை அதில் கலக்காதீர்கள். கடவுச்சொற்கள் அதில் அப்படியே தெரியும்படி கிடக்கலாம். பூட்டும் குறியாக்கமும் உள்ள கிளவுட் சேமிப்பகமே அதற்குரிய இடம்.

கருவிக்குக் காசு கட்ட வேண்டுமா?

சொந்தத் தேவைக்கு டெராஃபோம் இலவசம். 2023 ஒகஸ்ட்டில் அதன் உரிம விதிகள் இறுகியதால், ஓப்பன்டோஃபு என்ற திறந்த மூலக் கிளை பிறந்தது. ஸ்டேட் கோப்பைத் தானே குறியாக்கம் செய்யும் வசதி அதில் இருப்பதால், சிறு நிறுவனங்களுக்கு அதையே சொல்வேன்.

எதிலிருந்து தொடங்குவது?

பிழைத்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாத சேமிப்பகம் ஒன்றிலிருந்து. பிறகு ஃபயர்வோல் விதிகள், அதன்பின் சேர்வர்கள். தரவுத்தளம் கடைசியில், புதிய பேக்கப் கையில் இருக்கும் நாளில். எடுத்து முடித்தவற்றில் பொத்தான் அழுத்தி மாற்றும் உரிமையைக் குறைத்துவிடுங்கள். இரவில் அவசரத்துக்குக் கையால் மாற்றினால், விடிந்ததும் குறிமுறையிலும் எழுதிவிட வேண்டும். விட்டால், அடுத்த முறை கருவி அந்தத் திருத்தத்தைப் பழையபடி ஆக்கிவிடும்.

வெளி நிறுவனத்திடம் கொடுத்தால்?

குறிமுறை, ஸ்டேட் கோப்பு, கிளவுட் கணக்கின் முதன்மை உரிமை மூன்றும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிரதேச சபையானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும், இந்த வரி இல்லாமல் இறுதிக் கொடுப்பனவைச் செய்யக் கூடாது.

பிடிக்காவிட்டால் விலகலாமா?

தாராளமாக. சேர்வரைத் தொடாமல் கருவியின் பதிவிலிருந்து மட்டும் அதை எடுத்துவிடலாம். டெராஃபோம் 1.7 பதிப்பு முதல் இதைக் குறிமுறையிலேயே எழுத முடியும், ‘அழிக்காதே’ என்ற குறிப்போடு. அப்போதும் முதலில் பிளானைப் பாருங்கள்.