முகவரியில்லாத முட்டை

ஐதராபாத் மாநகரில் மந்தி, ஷவர்மா, மோமோ விற்கும் கடைகளில், கேளாமலே ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துத் தரப்படும் மயோனைஸ் என்னும் வெண்ணிறத் தொடுகறி, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி தெலங்கானா அரசின் தடை உத்தரவுக்கு ஆளாயிற்று. அம்மாதத்தில் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் மோமோ உண்டவர்களில் ஒரு பெண்மணி மரணமடைந்து, வேறு பலர் நோயுற்ற சம்பவத்தையடுத்து வந்த அவ்வுத்தரவு, பச்சை முட்டையால் செய்த மயோனைஸை ஆக்குவதையும் சேமிப்பதையும் விற்பதையும் ஓராண்டுக்கு விலக்கிற்று. கேரளம் 2023இலேயே இவ்வாறு செய்திருந்தது. தமிழ்நாடு 2025இல் செய்தது.

ஓடு பழுதின்றிப் பளிச்சென்றிருக்கும் முட்டையில் என்ன தோஷம் என்று கேட்கலாம். சால்மோனெல்லா கிருமியில் ஒரு வகை, கோழியின் சூலகத்திலேயே குடிகொண்டு, ஓடு கட்டுவதற்கு முன்னமே உள்ளே புகுந்துவிடும். வெள்ளைக் கருவில் உள்ள சில புரதங்கள் கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பிணித்து வைத்து அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றன. ஆனால் உஷ்ணத்தில் நாள்கள் கழியக் கழிய, மஞ்சள் கருவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு தளர்ந்து, கிருமிக்கு விருந்து கிடைத்துவிடுகிறது. அம்முட்டையை அடுப்பேற்றாமல் எண்ணெயோடு அடித்து, புளிப்பையும் குறைத்து, மாலை முதல் நள்ளிரவு வரை மேசைமேல் வைத்திருந்தால் விளைவைச் சொல்ல வேண்டுமோ?

அமெரிக்காவில் 2010இல் அயோவா மாநிலப் பண்ணைகளிலிருந்து போன முட்டைகளால் நோய் பரவியபோது, ஐம்பது கோடிக்கு மேற்பட்ட முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். பெட்டிதோறும் ஆலையின் எண்ணும், வருஷத்தின் எத்தனையாவது நாளில் அடைத்தது என்பதும் அச்சிட்டிருந்ததால் அது சாத்தியமாயிற்று. நம் கிரானாக் கடையிலோ, அட்டையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுத் தரும் முட்டைக்குப் பெரும்பாலும் ஊரும் இல்லை, தேதியும் இல்லை. கோழியைத் தேடிப் பிடிக்க வகையில்லாததால் தொடுகறியைப் பிடித்தார்கள். அரைகுறைப் பரிகாரமாயினும் அந்நிலையில் அது நியாயமே.

பெட்டியில் வாங்கிய முட்டையைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், வேகவைத்துத் தின்றுவிடலாம் என்னும் சிக்கனம் வேண்டாம். உடைக்கும்போதே கையிலும் கரண்டியிலும் கிருமி ஒட்டிக்கொள்ளும். பையில் கட்டிக் கடையில் கொடுங்கள், அல்லது எறிந்துவிடுங்கள். வைத்திருந்த தட்டைச் சோப்பும் வெந்நீருமிட்டுக் கழுவுங்கள். மற்ற முட்டைகளைக் குளிர்ந்த நீரில் அலம்பினால், உட்பொருள் சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஆஃப்பாயில் ஆகாது. மஞ்சள் கரு முழுவதும் கெட்டியாகும்வரை வேக வேண்டும்.

உண்ட ஆறு மணி நேரம் முதல் ஆறு நாள்களுக்குள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டால், எங்கே, என்றைக்கு, எதை உண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். எண்ணில்லாத முட்டைக்கு வேறு துப்பு கிடையாது.