அரிசி இருந்தும் லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தது ஏன்? அமர்த்தியா சென் போட்ட கணக்கு

பஞ்சம்னா என்ன? மழை பொய்த்தது, விளைச்சல் இல்லை, சாப்பாடு இல்லை. பலரும் இப்படித்தான் நினைப்போம். பொருளாதார அறிஞர்களும் ரொம்ப காலம் இப்படித்தான் நினைத்தார்கள். மக்கள்தொகை பெருகும் வேகத்துக்கு உணவு உற்பத்தி ஈடுகொடுக்காது என்று 1798-ல் எழுதினார் இங்கிலாந்தின் தாமஸ் மால்தஸ். ‘எவ்வளவு தானியம், எத்தனை வாய்?’ என்ற வகுத்தல் கணக்குதான் பஞ்சத்துக்கான விளக்கமாக இருந்தது.

அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது, 1981-ல் அமர்த்தியா சென் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ புத்தகம். இன்றைய மேற்கு வங்கமும் வங்கதேசமும் சேர்ந்திருந்த வங்காளத்தை 1943-ல் பஞ்சம் தாக்கியபோது அவருக்கு 9 வயது. அப்போது இறந்தவர்கள் 15 லட்சம் என்றது பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழு. சுமார் 30 லட்சம் என்பது சென்னின் கணிப்பு.

புள்ளிவிவரங்களைத் தோண்டிய அவருக்குக் கிடைத்தது ஓர் அதிர்ச்சி. 1943-ல் வங்காளத்தில் இருந்த உணவு தானியம், முந்தைய 5 ஆண்டு சராசரியைவிட சுமார் 5% மட்டுமே குறைவு. பஞ்சமே வராத 1941-ஐ விட 13% அதிகம்!

அப்போ என்னதான் நடந்தது? உலகப் போர். ராணுவச் செலவுக்குப் பணம் கொட்டியது, விலை எகிறியது, பதுக்கலும் சேர்ந்துகொண்டது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் 13-14 ரூபாய்க்கு விற்ற ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாய். போர்க்காலத்துக்கு அவசியமான நகரத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலிக்கோ சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

முடிதிருத்துபவரை எடுத்துக்கொள்வோம். கத்தரி இருக்கு, கைத்தொழில் இருக்கு. ஆனால், சோத்துக்கே வழியில்லாதவர் முடிவெட்ட வருவாரா? ஒரு தலைக்கு அவர் வாங்கும் காசில் கிடைத்த அரிசி, பிடியளவாகச் சுருங்கியது. மீனவர்கள் நிலை இன்னும் மோசம். ஜப்பான் படை பயன்படுத்திவிடும் என்று பயந்த அரசு, 1942-லேயே கரையோரப் படகுகளைப் பறிமுதல் செய்திருந்தது. விளைச்சலில் தங்கள் பங்கை நெல்லாகவே வாங்கிய குத்தகைதாரர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள்.

ஊரில் அரிசி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது உங்கள் கைக்கு வருமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவதைத்தான் ‘என்டைட்டில்மென்ட்’ என்றார் சென்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. போர்க்கால விளைச்சல் கணக்கை நம்ப முடியாது, 1942 அக்டோபர் புயலும் நெற்பயிர் நோயும் செய்த சேதம் பெரியது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். 1943-ஐப் பற்றிய அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பஞ்ச நிவாரணம் என்றால் தானிய மூட்டையை அனுப்புவது மட்டுமல்ல, வேலையும் கூலியும் கொடுத்து மக்களின் வாங்கும் சக்தியை மீட்பதும்தான் என்ற பேச்சு வலுப்பெற்றதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.