நெஞ்சை அளந்து இதயத்தின் மின்னோட்டத்தைக் கண்டறியும் முறை

சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கம் இசிஜி எடுத்துவிட்டு வரும் பெரியவர்கள் பலர், தாள் நன்றாகத்தான் இருக்கிறதாம், படபடப்புதான் போகவில்லை என்பார்கள். அதில் முரண்பாடு இல்லை. சாதாரண இசிஜி சுமார் 10 விநாடிகளையே பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் இதயம் ஒழுங்காகத் துடித்துவிட்டால் தாளும் ஒழுங்காகவே இருக்கும்.

தவறான துடிப்பு பதிவாகிவிட்டாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. இதயத்தின் எந்த மூலையிலிருந்து அது கிளம்புகிறது? மார்பிலும் கைகால்களிலும் ஒட்டும் 10 மின்முனைகளை வைத்துத் தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பலகைச் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்கிறது. அடுப்படியிலா, முன் அறையிலா என்று சொல்ல அந்த வீட்டின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். இதயத்தின் மின்சாரமும் நுரையீரல், தசை, கொழுப்பு எல்லாம் தாண்டித் தோலுக்கு வருவதற்குள் மங்கிப் பரவிவிடுகிறது. நெஞ்சின் அளவும் இதயம் சாய்ந்திருக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறு.

அதனால்தான் சிடி ஸ்கேன் தேவைப்படுகிறது. 252 மின்முனைகள் பதித்த மேலங்கியை அணிவித்து, அங்கியோடேயே ஸ்கேன் எடுக்கிறார்கள். மின்முனைகள் எங்கே, இதயம் எங்கே, இடையில் எவ்வளவு தூரம் என்பது ஒரே படத்தில் கிடைத்துவிடும். பிறகு, தோலில் பதிவானதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இதயத்தின் மேற்பரப்பில் மின்னலை ஓடிய பாதையைக் கணினி வண்ணப் படமாகக் காட்டும். பொல்லாத கணக்கு இது. தோலில் நேரும் சிறு பிழையும் இதயத்தில் பெரும் பிழையாகிவிடும். அதை அடக்கவே தனிக் கணித முறைகள் உண்டு.

2004இல் நேச்சர் மெடிசின் ஆய்விதழில் இம்முறையை மனிதர்களிடம் செய்து காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சாருலதா ராமநாதன். நம் காதுக்குப் பழகிய பெயர்தான்! பேராசிரியர் யோரம் ரூடியின் ஆய்வுக்குழுவில் இருந்த அவர், சக ஆய்வாளர் பிங் ஜியாவுடன் 2006இல் கார்டியோஇன்சைட் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் மெட்ரானிக் அதை வாங்கியது.

கோளாறான இடம் முன்பே தெரிந்தால், தொடை இரத்தக் குழாய் வழியாகக் கம்பிக் குழாயைச் செலுத்தி இதயத்துக்குள் தேடும் வேலை குறையும். ஆனால் இதய அறைகளுக்கு இடையிலான சுவர் இதில் சரியாகத் தெரியாது. கதிர்வீச்சும் உண்டு. எல்லாப் படபடப்புக்கும் கேட்டு வாங்கும் சோதனையல்ல இது.

வந்து வந்து போகும் படபடப்புக்கு, 24 மணி நேரம் உடலில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவி பற்றி முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பழைய இசிஜி தாள்களையும் கொண்டுபோங்கள். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.